ஆக்ஸா பிளேடும் ஸ்போக்ஸ் கம்பியும்: ரைட் சகோதரர்களின் 1901 காற்றுத் தராசைத் திரும்பச் செய்த குறிப்பு

தராசில் எடை தொங்கவிட்டபோது முள் திரும்பிய கோணங்கள் இவை: 2 கிராமுக்கு 6 பாகை, 5 கிராமுக்கு 15, 10 கிராமுக்கு 32, 15 கிராமுக்கு 52. நான்கு எடையையும் அந்தந்தக் கோணத்தின் சைனால் வகுத்தால் 19 கிராமை ஒட்டியே விடை வருகிறது. இந்த நான்கு எண்களும் கைகோத்த பிறகுதான் இறக்கையை மாட்டிப் பார்க்கத் துணிந்தது. அதற்கு முந்தைய ஏழு வார வேலையில் தராசுக்குப் போனது இரண்டு வாரம். மீதி ஐந்தும் காற்றை நேராக்கவே போயின.

எதற்காக இந்தத் தராசு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1901 கோடையில் கிட்டி ஹாக் மணல்மேட்டில் வில்பரும் ஆர்வில்லும் பறக்கவிட்ட கிளைடர், கணக்குப்படி வர வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தது. கணக்கு, ஜெர்மானிய கிளைடர் முன்னோடி லிலியன்தாலின் தூக்குவிசை அட்டவணையிலிருந்தும், காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட உதவும் 'ஸ்மீட்டன் எண்' என்ற 0.005 மாறிலியிலிருந்தும் வந்தது. சொந்த ஊரான டேட்டனுக்குத் திரும்பியதும் சைக்கிள் கைப்பிடிக்கு முன்னால் மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கைவாக்கில் பொருத்தி, அதில் தட்டைத் தகடு ஒன்றையும் வளைந்த இறக்கை மாதிரி ஒன்றையும் நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். 5 பாகையில் சமநிலை வரும் என்றது அட்டவணை; வந்ததோ 18 பாகையில். அதன்பின் ஆறு அடி நீளம், உள்ளே 16 அங்குலச் சதுரம் கொண்ட மரப்பெட்டி ஒன்றைச் செய்து, மேலே கண்ணாடி போட்டு, சைக்கிள் பட்டறையின் எரிவாயு எஞ்சினால் சுழன்ற விசிறியைக் கொண்டு காற்றை ஊதி, நவம்பர், டிசம்பர் மாதங்களில் இருநூறு வாக்கில் சின்ன இறக்கைகளைச் சோதித்தார்கள். பெட்டி இன்று இல்லை. தராசுகள் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன.

செய்ததை எழுதுமுன், தராசு எதை அளக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் தவறுகள் விளங்காது.

இரண்டு செங்குத்துக் கம்பிகள், காற்றுக்குக் குறுக்கே பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. நான்கு கைகளும் ஒரே நீளம், காற்று போகும் திசையில் நீள்கின்றன. மேல் கைகள் இரண்டையும் ஒரு குறுக்குப் பட்டை இணைக்கிறது, கீழ் கைகளை இன்னொன்று. ஆக மேலே ஒரு இணைகரம், கீழே ஒரு இணைகரம். கைகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறுக்குப் பட்டை தன் திசை மாறாது. மேல் பட்டையில் இறக்கை செங்குத்தாக நிற்கிறது, அதனால் அதன் தூக்குவிசை பக்கவாட்டில் இழுக்கும். கீழ்ப் பட்டையில் காற்றை நேருக்கு நேர் எதிர்த்து நிற்கும் நான்கு தகட்டு 'விரல்கள்'. இறக்கை பக்கவாட்டில் இழுக்க, கம்பி திரும்ப, விரல்களைக் காற்று பின்னுக்குத் தள்ளித் திருப்பத்தை எதிர்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் கீழ்க் கை நிற்கும் (முள் காட்டும்) கோணத்தின் சைன்தான் விடை: தூக்குவிசையை விரல்களின் எதிர்ப்பால் வகுத்தது.

இறக்கைக்கும் பின்னிழுப்பு (காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை) உண்டே, அது அளவைக் கெடுக்காதா? அதற்குத்தான் மேல் கைகள் கம்பியோடு இறுகப் பற்றவைக்கப்படாமல் உராய்வுக் குழாயால் பிடிக்கப்பட்டிருக்கின்றன. விசிறி ஓடும்போதே மேல் கைகளைக் காற்றுக்கு இணையாகத் திருப்பிவிட்டால், பின்னிழுப்பு கையின் நீளத்தோடு போய்விடும், முறுக்கம் தராது. எஞ்சுவது தூக்குவிசை மட்டும். காற்று வேகமும் கணக்கில் வராது. இறக்கைக்கும் விரலுக்கும் அடிப்பது ஒரே காற்று. நிமிடத்துக்கு நிமிடம் வேகம் ஏறி இறங்கும் பட்டறை எஞ்சினை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கருவியை யோசித்தவர்களை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

வேகத்தை மன்னிக்கும் இந்தத் தராசு, திசையை மன்னிக்காது. காற்று ஒரு பாகை சாய்ந்து வந்தால் இறக்கையின் தாக்குகோணமும் (காற்றுக்கு அது சாய்ந்து நிற்கும் கோணம்) ஒரு பாகை மாறிவிடும். முக்கால்வாசி உழைப்பு இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

பெட்டி

12 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்று. மூல அளவான 16 அங்குலத்தை, அதாவது 406 மி.மீ.யை, அப்படியே வைத்து வரைந்தால் அடிப்பலகை 406, பக்கப் பலகைகள் 418 வீதம் இரண்டு, மொத்தம் 1,242 மி.மீ. ஷீட்டின் அகலம் 1,220. 22 மி.மீ.க்காக இரண்டாவது ஷீட் வாங்குவதைவிட உள்ளளவை 395 ஆக்கினால் 395, 407, 407, இரண்டு அறுப்புக்கு 6, மொத்தம் 1,215, சரியாக அடங்குகிறது. நீளம் 1,830. மிஞ்சிய 610 மி.மீ. துண்டிலிருந்து 419 அகலத்தில் இரண்டு மூடிப் பலகைகள் கிடைக்கின்றன. அவற்றுக்கு நடுவே 610 நீளத்தில் 5 மி.மீ. கண்ணாடி. ஒரு ஷீட்டில் முழுப் பெட்டியும் முடிந்தது.

மூலைவிட்டம் இரண்டையும் டேப் வைத்து அளந்து, வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வரும்வரை ஃபெவிகால் காயவிடாதீர்கள். பெட்டி கோணினால் தராசின் அடித்தட்டைச் சுவருக்கு இணையாக வைக்க முடியாது, அந்தப் பிழை கடைசிவரை கூடவே வரும். உட்புறத்துக்கு சாண்டிங் சீலர் இரண்டு கை. 220 நம்பர் உப்புத்தாள்.

காற்று

18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், 1,400 ஆர்.பி.எம்., ஒற்றை பேஸ். மூலத்தைப் பின்பற்றி அதை முன்பக்கம் வைத்துக் காற்றை உள்ளே ஊதவிட்டது முதல் தவறு. கையடக்க அனிமோமீட்டரால் (காற்று வேகமானி) குறுக்குவெட்டில் ஒன்பது இடங்களில் அளந்தபோது ஓரங்களில் நொடிக்கு 8.4 மீட்டர், நடுவில் 5.1. விசிறியின் மோட்டார் உருண்டைக்குப் பின்னால் காற்று செத்துக் கிடக்கிறது. தராசு நிற்பதோ அதே நடுவில். அதோடு சுழற்சி வேறு. கம்பியில் கட்டிய நூல்கள் இடப்பக்கம் மேலாகவும் வலப்பக்கம் கீழாகவும் 12 பாகை வரை சாய்ந்து நின்றன.

சுழற்சியை உடைக்கத் தேன்கூடு வேண்டும். 12 மி.மீ. விட்டமுள்ள காகித ஸ்ட்ராக்களை 100 மி.மீ. துண்டுகளாக வெட்டி அடுக்கினோம். 395 மி.மீ. சதுரத்தை நிரப்ப 1,250 துண்டுகள். ஒரு ஸ்ட்ராவில் இரண்டு துண்டு என்பதால் நூறு கொண்ட பாக்கெட் ஏழு வாங்கினால் சேதத்துக்கும் சேர்த்துப் போதும். பசை போட வேண்டாம். ஒரு சட்டத்துக்குள் வரிசைக்கு அரை ஸ்ட்ரா தள்ளி அடுக்கி, மேலிருந்து ஒரு பட்டையால் அழுத்தினால் அதுவே பிடித்துக்கொள்ளும். அடுக்குமுன் வார்னிஷ் கலந்த தின்னரில் ஒருமுறை முக்கிக் காயவைக்க வேண்டும். முக்காமல் அடுக்கிய முதல் அடுக்கு ஒரு மழை வாரத்தில் ஊறிக் கீழ் வரிசைகள் நசுங்கிவிட்டன. துளை நசுங்கினால் அந்த இடத்தில் காற்று குறையும், நூலில் பார்த்தால் தெரியாது, அனிமோமீட்டரில்தான் தெரியும்.

தேன்கூட்டுக்குப் பின்னால் 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு கொசுவலைத் திரை. சுழற்சி 12 பாகையிலிருந்து 2-க்கு இறங்கியது. நடுப்பள்ளம் மட்டும் போகவில்லை: ஓரம் 7.6, நடு 6.2. மூன்றாவது திரை போட்டால் வேகம் போகிறது, பள்ளம் அப்படியே நிற்கிறது. பத்து நாள் இதில் போயிற்று.

முடிவில் விசிறியைப் பின்பக்கம் மாற்றி உறிஞ்சவிட்டதும் பள்ளம் ஒரே மாலையில் மறைந்தது. இது புதிய யோசனை அல்ல. ஐஃபல் கோபுரத்தைக் கட்டிய ஐஃபல் 1909-ல் பாரிஸில் அந்தக் கோபுரத்துக்கு அருகே ஷாம் து மார்ஸ் திடலில் கட்டிய சோதனைக்கூடத்தில் காற்றை உறிஞ்சித்தான் இழுத்தார். 1912-ல் ஓத்தேயில் கட்டியதிலும் அதே முறை. ரைட் சகோதரர்களும் தங்கள் பெட்டியில் காற்றை நேராக்க ஏறக்குறைய ஒரு மாதம் போராடினார்கள். மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்றால் தராசில் இருங்கள். விசிறியில் ஐஃபலைப் பின்பற்றுங்கள்.

உறிஞ்சும் பெட்டிக்கு இரண்டு கூடுதல் வேலை உண்டு. முன்வாயின் விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்று அங்கே பிய்ந்து உள்ளே சுழல் விடும். 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் அரை மீட்டர் துண்டை நீளவாக்கில் நான்காக அறுத்தால் நான்கு கால்வட்டப் பட்டைகள் கிடைக்கும். நான்கு விளிம்புக்கும் ஒன்றொன்று. மூலைகளை 45 பாகையில் சேர்த்து எம்-சீல் வைத்துத் தேய்த்தாயிற்று. இரண்டாவது, கசிவு. கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையே ஒரு மி.மீ. சந்து இருந்தாலும் வெளிக்காற்று ஊசியாக உள்ளே பாயும். 3 மி.மீ. ஃபோம் டேப் சுற்றிலும் ஒட்டினால் விசிறி ஓடத் தொடங்கியதும் கண்ணாடி தானே அமர்ந்து அடைத்துக்கொள்கிறது. ஊதுபத்திப் புகையை விளிம்போரமாகக் கொண்டுபோனால் மிச்சக் கசிவு தெரிந்துவிடும்.

395 சதுரத்திலிருந்து 457 வட்டத்துக்குப் போகும் இணைப்புப் பெட்டி 400 மி.மீ. நீளம். விசிறியை இதில் நேராகத் திருகினால் அதிர்வு முழுவதும் தராசுக்கு வருகிறது. முள் 3 பாகைக்கு முன்னும் பின்னும் ஆடியது. விசிறியைத் தனி ஸ்டாண்டில் நிறுத்தி, இடையில் கேன்வாஸ் துணியை உறைபோலச் சுற்றிக் கட்டிய பின் ஆட்டம் அரை பாகைக்குள் அடங்கியது. வேகம் நடுவில் 7.9 முதல் 8.1 வரை. ரைட் பெட்டியில் இது 12 மீட்டர் வாக்கில் இருந்தது. விகிதக் கணக்குக்கு இந்தக் குறைவு இடைஞ்சல் இல்லை. ஆனால் விசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது, எனவே தராசுக் கம்பிகள் சுழலும் முனைகளின் உராய்வு இரட்டிப்பாகத் தெரியும்.

அறையும் பெட்டியின் ஒரு பகுதிதான். முன்வாய்க்கு இடப்பக்கம் 40 செ.மீ.யில் சுவர் இருந்தபோது, இறக்கை இல்லாமலே முள் 1.5 பாகை சாய்ந்து நின்றது. சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியதும் அரை பாகை. அளக்கும்போது ஒரே இடத்தில் நிற்க வேண்டும், குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. டேட்டனிலும் இதே கட்டுப்பாடு இருந்தது.

தராசு

மூலத்தில் உள்ள அதே பொருள்கள்: ஆக்ஸா பிளேடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும். அவை கையருகே கிடந்தன என்பதற்காக மட்டும் அவர்கள் எடுத்ததாகத் தெரியவில்லை. பிளேடு 12.5 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. கனம், வளையாத நேர். படுக்கையாக வைத்தால் காற்றுக்கு 0.6 மி.மீ. விளிம்பை மட்டுமே காட்டும். ஸ்போக்ஸ் 2 மி.மீ. விட்டத்தில் முறுக்குக்கு அசையாது.

பிளேடு வாங்கும்போது கவனம் வேண்டும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்று அச்சிட்ட விலை கூடிய பிளேடு இதற்கு ஆகாது. சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஒரு ராத்திரி ஆறவிட்டும் இளகவில்லை, இரண்டு ட்ரில் பிட் முனை போயிற்று. அந்த எஃகு காற்றில் ஆறினாலே இறுகும் வகை. மலிவான கார்பன் ஸ்டீல் பிளேடைச் செர்ரிச் சிவப்புக்குக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டால் சாதாரணத் தகடுபோல் துளை போடலாம். பற்களை கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிடவும்.

அளவுகள்: செங்குத்துக் கம்பிகள் 200 மி.மீ. உயரம், இரண்டுக்கும் இடையே 110. கைகள் நான்கும் துளை மையத்திலிருந்து துளை மையத்துக்கு 60. இந்த 60 நான்கிலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம், 60 என்ற எண் அல்ல. நான்கு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைஸில் இறுக்கி ஒரே முறையில் துளையிட்டால் வித்தியாசம் வராது. தனித்தனியாகப் போட்ட முதல் தொகுதியில் ஒரு கை 60.7 வந்தது, இணைகரம் திரும்பும்போது குறுக்குப் பட்டையும் சேர்ந்து திரும்பி இறக்கையின் கோணத்தை மாற்றியது. கீழ்ப் பட்டை அடித்தட்டிலிருந்து 80 மி.மீ., மேல் பட்டை 190. இறக்கை அதற்கு மேலே 345 வரை நிற்கும். கண்ணாடிக்கு 50 மி.மீ. இடம் மிச்சம்.

விரல்கள் 10 மி.மீ. அகலம், 97 உயரம், நான்கு. மொத்தப் பரப்பு 3,880 சதுர மி.மீ., சோதிக்கும் இறக்கையின் 6 சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய சமம். முதலில் செய்த விரல்கள் 6 மி.மீ. அகலமே, வளைவு கூடிய இறக்கையை மாட்டியதும் முள் 80 பாகையைத் தாண்டியது. 60-க்கு மேல் சைன் மிக மெதுவாக ஏறுகிறது, ஒரு பாகை வாசிப்புப் பிழை பெரிதாகிவிடும். சாதாரண அளவுகள் 15-க்கும் 50-க்கும் இடையே விழும்படி விரல் பரப்பை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈயப்பற்று எஃகில் ஒட்ட ரோசின் பிளக்ஸ் போதாது. துத்தநாகத் துண்டுகளைப் போட்டு அடக்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் தடவினால் ஒட்டும். வெளியில் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். கழுவாமல் விட்ட ஒரு மூட்டு நான்கே நாளில் துருவேறிப் பிடித்துக்கொண்டது.

சுழல்முனைகளில்தான் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பியின் இரு முனையையும் 60 பாகைக் கூம்பாகச் சீவி, அடித்தட்டிலும் மேல்பாலத்திலும் சென்டர் பஞ்சால் குழி அடித்து உட்காரவைத்தாயிற்று. முதல் எடைச் சோதனையில் 2 கிராமுக்கு முள் அசையவே இல்லை. 5 கிராமுக்கு ஒருமுறை 11, ஒருமுறை 18. காரணம் பூதக்கண்ணாடியில் தெரிந்தது: இளக்கிய பிளேடில் அடித்த குழிக்குள் கூம்புமுனை தானே ஒரு பள்ளம் தோண்டி அதில் புதைந்திருந்தது. குழி அடித்த பிறகு அந்த இடத்தை மட்டும் மறுபடி சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இறுக்கியதும், முனையை 1,000 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பாக்கியதும் இரண்டு கோளாறும் போயின. மேல்பாலத்தை ஒரு திருகால் தளர்த்திச் சரிசெய்யும் வசதியும் வேண்டும். கம்பி மேலும் கீழும் தலைமயிர் அளவுக்கு ஆட வேண்டும். ஆடவே இல்லை என்றால் இறுக்கம் கூடுதல்.

உராய்வுக் குழாய்க்கு முதலில் போட்டது மின்கம்பியின் பி.வி.சி. உறை. திருப்பிவிட்ட மேல் கை ஒரு நிமிடத்தில் மெல்லப் பழைய இடத்துக்கே நகர்ந்து வந்தது. ரப்பர்போல் முறுக்கைத் தேக்கிவைத்துத் திருப்பித் தருகிறது. 2 மி.மீ. உள்விட்டப் பித்தளைக் குழாயில் 8 மி.மீ. துண்டை வெட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு போட்டு லேசாக நெருக்கினால் வைத்த இடத்தில் நிற்கும்.

எடைச் சோதனைக்கு மேல் பட்டையிலிருந்து ஒரு தையல்நூலைப் பக்கவாட்டில் 3 மி.மீ. துளை வழியே வெளியே எடுத்து, சின்ன பால் பேரிங் ஒன்றின்மேல் போட்டு, செப்புக் கம்பித் துண்டுகளைத் தொங்கவிட்டோம். பேரிங்கின் கிரீஸைப் பெட்ரோலில் கழுவி எடுத்தாக வேண்டும். கிரீஸோடு அளந்தால் 2 கிராமில் கால் கிராமை அது தின்கிறது. நான்கு எடையிலும் ஒரே விரல்-எதிர்ப்பு வந்தால் தராசு நேர்மையானது. சின்ன எடையில் மட்டும் எதிர்ப்பு கூடுதலாகத் தெரிந்தால் அது உராய்வு. எல்லா எடையிலும் ஒரே திசையில் தவறினால் பாகைமானியின் பூச்சியம் தள்ளியிருக்கிறது.

இறக்கைகள்

0.8 மி.மீ. இரும்புத் தகடு. 25.4 மி.மீ. அகலம், 152.4 நீளம், அகலத்தைப்போல் ஆறு மடங்கு நீளம். வளைவு இருபதில் ஒன்று, அதாவது நடு உயரம் 1.27 மி.மீ. சீரான வில்லாக இருந்தால் ஆரம் 64 மி.மீ. வருகிறது. நான்கு அங்குல ஜி.ஐ. குழாயின் வெளி ஆரம் 57. அதன்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் தகடு திரும்பி எழும்போது 64-க்கு அருகில் வந்து நிற்கும்.

தகரக் கத்தரியால் சரியான அளவுக்கே வெட்டியது தவறு. கத்தரி விளிம்பைச் சுருட்டி, முழுத் துண்டையும் திருகிவிடும். ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. கூட விட்டு வெட்டி, வளைத்த பின் அரத்தால் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். திருகலைக் கண்டுபிடிக்க, கண்ணாடித் தகட்டின்மேல் இறக்கையைக் கவிழ்த்து நான்கு மூலையையும் விரலால் தட்டிப் பார்க்கலாம். ஒரு மூலை தாளம் போட்டால் திருகல் இருக்கிறது. வளைவை அளக்க இரும்பு ஸ்கேலின் விளிம்பை உட்குழிவின் குறுக்கே வைத்து, நடுச் சந்தில் ஃபீலர் கேஜ் (சந்தின் அளவு பார்க்கும் மெல்லிய தகடுகள்). 0.2 மி.மீ. கூடினால் இருபதில் ஒன்று பதினேழில் ஒன்றாகிவிடும், தூக்குவிசை கண்ணுக்குத் தெரியும்படி மாறும்.

வாசிப்பு

வரிசை இதுதான்: இறக்கையைக் கோணமானியால் வைத்து நிறுத்து, விசிறியை ஓட்டு, முள் நின்றதும் மேல் கைகளை அடித்தட்டில் கீறிய கோட்டுக்கு இணையாகத் திருப்பு, முள் மறுபடி நகரும், மறுபடி திருப்பு. மூன்று நான்கு முறையில் அடங்கும். பெட்டியை விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வாசி. பாகைமானிக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி கண்ணை வைத்தால் பார்வைப் பிழை போய்விடும். பிறகு இறக்கையை மறுபக்கம் தூக்கும்படி திருப்பி மாட்டி இன்னொரு முறை. இடம், வலம் இரண்டின் சராசரியே கணக்கு. மிஞ்சியிருக்கும் அரை பாகைக் காற்றுச் சாய்வு அதில் கழிந்துவிடுகிறது.

இருபதில் ஒன்று வளைவுக்கு வந்த முள் வாசிப்புகள்: தாக்குகோணம் 0-ல் 14 பாகை, 5-ல் 31, 10-ல் 49. அதே அளவுள்ள தட்டைத் தகடு 5-ல் 18 மட்டுமே. பன்னிரண்டில் ஒன்று வளைவு 5-ல் 38.

எல்லாவற்றிலும் முக்கியமான வாசிப்பு வேறொன்று. அதே பரப்பு, அதே இருபதில் ஒன்று வளைவு, ஆனால் 35.9-க்கு 107.8 மி.மீ., அதாவது அகலத்தைப்போல் மூன்று மடங்கே நீளம். 5 பாகையில் முள் 24-ல் நின்றது. சைன் கணக்கில் 0.515-க்கு எதிராக 0.407, ஐந்தில் ஒரு பங்கு தூக்குவிசை, வடிவம் குட்டையானதால் மட்டும் போய்விட்டது. 1901 கிளைடரின் இறக்கை 22 அடிக்கு 7 அடி, அதாவது மூன்று மடங்கு. லிலியன்தாலின் அட்டவணையோ ஆறு மடங்குக்கும் சற்று மேல் நீண்ட இறக்கைக்கு உரியது. அட்டவணை பொய் சொல்லவில்லை, அதைத் தனக்குப் பொருந்தாத இறக்கைக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஸ்மீட்டன் எண்ணும் 0.005 அல்ல, 0.0033-க்கு அருகே என்று அவர்கள் கண்டார்கள். 1902 கிளைடர் 32 அடிக்கு 5 அடியாக மெலிந்து நீண்டது இந்த மாதிரித் தகடுகள் சொன்னதைக் கேட்டுத்தான்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிவைக்க வேண்டும். விரற்கடை அகலத் தகட்டுக்கு வேலை செய்யும் காற்றும் ஐந்தடி அகல இறக்கைக்கு வேலை செய்யும் காற்றும் ஒரே விதமாக நடப்பதில்லை. சின்ன அளவில் மெல்லிய வளைதகடு நன்றாகத் தூக்கும், தடித்த இறக்கை திணறும். அந்தக் கால வடிவமைப்பாளர்கள் பல ஆண்டுகள் மெல்லிய இறக்கையைவிட்டு நகராமல் இருந்ததற்கு இந்தச் சின்னச் சுரங்கங்களின் எண்களும் ஒரு காரணம். தடித்த இறக்கையின் அருமை யுங்கர்ஸின் 1915 உலோக விமானத்திலும், பிறகு ஃபோக்கரின் விமானங்களிலும்தான் வெளியே தெரிந்தது. ஆகவே தடித்த இறக்கை ஒன்றை இந்தப் பெட்டியில் மாட்டி, 'தேறாது' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

செலவு

எக்ஸாஸ்ட் ஃபேன் ₹4,800, பிளைவுட் ₹2,100, அனிமோமீட்டர் ₹1,650, ஸ்ட்ரா ₹1,400, கண்ணாடி ₹450, கொசுவலை ₹180, பி.வி.சி. குழாயும் எம்-சீலும் ₹300, இறக்கைத் தகடு ₹150. திருகு, ஃபோம் டேப், சீலர், கேன்வாஸ் எல்லாம் ₹640. தராசுக்கு மட்டும் ஆனது ₹520. அதிலும் பித்தளைக் குழாய்தான் பெரும்பங்கு. மொத்தம் ₹12,190. உடைந்த ட்ரில் பிட்டும் ஊறிப்போன ஸ்ட்ராவும் இதில் சேரவில்லை.

அடுத்த முறை மாற்றுவது: விசிறியை முதல் நாளே பின்பக்கம் வைப்பது, தேன்கூட்டுக்கு 8 மி.மீ. ஸ்ட்ரா, எண்ணிக்கை இரண்டேகால் மடங்கானாலும் மிஞ்சிய சுழற்சிக்கு அது நல்லது; மேல் கைகளை வெளியிலிருந்தே திருப்ப, கண்ணாடியில் ஒரு துளையிட்டு ரப்பர் வாஷர் வழியே ஒரு ஸ்போக்ஸ் கம்பியை இறக்குவது. இப்போது பக்கவாட்டுத் துளையில் நீள்கம்பியை நுழைத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் காற்று கலங்கி அடங்க அரை நிமிடம் போகிறது. பின்னிழுப்புத் தராசுக்கான பிளேடுகள் இளக்கி வைத்தாயிற்று. அதில் கைகளின் நீளத்தைவிடக் கம்பிகளின் செங்குத்துத்தான் அதிகம் படுத்தும் என்று தோன்றுகிறது, எனவே அடித்தட்டுக்கு மூன்று மட்டத் திருகுகள் முதலிலேயே போட்டாகிவிட்டன.